ஒரு ரூபாய் என்று எழுதாத ஒரு ரூபாய்

"உங்கள் வீட்டில் இந்த நாணயம் இருக்கிறதா? அப்படியென்றால் நீங்கள்தான் லட்சாதிபதி!" என்று ஆரம்பிக்கும் வீடியோக்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நானும் பார்த்துச் சிரித்திருக்கிறேன். 2024 ஜூனில் என் அப்புச்சி அதில் ஒன்றைப் பார்க்கும் வரைக்கும்.

(கொங்குப் பக்கம் வராதவர்களுக்காக: அப்புச்சி என்றால் அம்மாவின் அப்பா.)

அப்புச்சி கோயமுத்தூரில் முப்பது வருஷத்துக்கு மேல் பட்டறை வேலை பார்த்தவர். லேத், டிரில்லிங், பவர் பிரஸ் என்று எல்லாவற்றிலும் கை வைத்தவர். இடது ஆள்காட்டி விரலில் பாதி அந்தப் பிரஸ்ஸுக்கே போய்விட்டது. அவரிடம் ஒரு பழைய பிஸ்கட் டப்பா உண்டு. அதற்குள் வெர்னியர் காலிப்பர், அம்மிச்சியின் மூக்குக்கண்ணாடி, எழுத்து அழிந்துபோன சில ரசீதுகள், ஒரு தீப்பெட்டி. தீப்பெட்டிக்குள் பஞ்சில் சுற்றி ஒரே ஒரு நாணயம்.

1992 முதல் 2004 வரை அடித்த எவர்சில்வர் ஒரு ரூபாய் ஞாபகம் இருக்கிறதா? 25 மில்லிமீட்டர் அகலம், 4.85 கிராம் எடை. ஒரு பக்கம் சிங்கத் தலை. மறுபக்கம் '1', இரண்டு பக்கமும் கதிர், கீழே வருடம். அப்புச்சியின் நாணயத்திலும் சிங்கத் தலை ஒழுங்காகத்தான் இருக்கிறது. திருப்பிப் பார்த்தால் அங்கேயும் சிங்கம்! ஆனால் மேடாக இல்லை, பள்ளமாக. அதுவும் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறி. 'இந்தியா' என்ற ஆங்கில எழுத்துக்கள் தலைகீழ் வரிசையில் ஓடுகின்றன. '1' கிடையாது. 'ரூபாய்' கிடையாது. கதிர் கிடையாது. வருடம் கிடையாது. ஆக, தான் ஒரு ரூபாய் என்று எங்கேயும் எழுதிக்கொள்ளாத ஒரு ரூபாய்.

1999இல் ஒரு சனிக்கிழமை சம்பளக் கவரில் இது வந்ததாம். பட்டறையே கூடி நின்று பார்த்ததாம். எப்படி இப்படி ஆச்சு என்று ஆளாளுக்கு யோசிக்க, அப்புச்சி ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டாராம்.

"பீஸ் டையிலயே ஒட்டிக்கிச்சு. அடுத்த பீஸ் அது மேல போயி உளுந்துருச்சு. அவ்ளோதான்."

இருபத்தைந்து வருஷம் கழித்து நான் படித்துத் தெரிந்துகொண்டதும் வரிக்கு வரி இதேதான். இரண்டு அச்சுகளுக்கு நடுவில் வெற்று வில்லையை வைத்து அழுத்துகிறார்கள். அடித்த நாணயம் கீழே விழாமல் ஒரு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லையின் ஒரு பக்கம் நிஜ அச்சு பதிகிறது. மறுபக்கம் ஒட்டிக்கொண்ட நாணயமே அச்சாக மாறிப் பதிகிறது. அதனால்தான் பள்ளம், அதனால்தான் கண்ணாடி பிம்பம். இதற்கு ஆங்கிலத்தில் 'பிராக்கேஜ்' என்று பெயர். அச்சுகளைச் செய்கிற நிபுணர்கள் புத்தகம் போட்டு விளக்குகிற சமாச்சாரத்தை, பிரஸ்ஸில் விரலைக் கொடுத்தவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லியிருக்கிறார். இது எனக்கு இன்றும் பெருமை.

அந்தச் சமயம் பட்டறைக்கு இரும்பு போடும் வடக்கத்திய வியாபாரி ஒருவர் நாணயத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது லக்கி" என்று சொல்லி நூறு ரூபாய் நீட்டினாராம். அப்புச்சி தரவில்லை. லக்கி என்றால் அதிர்ஷ்டம் அல்லவா? அதிர்ஷ்டத்தை யாராவது நூறு ரூபாய்க்கு விற்பார்களா?

அன்றைக்கு ஆரம்பித்தது வினை. 'அன்னைக்கே நூறு ரூபா கேட்டான்' என்ற ஒற்றை வரியின் மேல் அப்புச்சி வருஷா வருஷம் ஒரு மாடி கட்டிக்கொண்டே வந்தார். நான் பள்ளிக்கூடம் சேர்ந்தபோது அதன் விலை பத்தாயிரம். பத்தாவது படித்தபோது லட்சம். "அது பாப்பா காலேஜுக்கு" என்று என் தங்கையின் பேரில் எழுதாத உயில் வேறு.

2024 ஜூனில் பாப்பாவுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. முதல் தவணை அறுபதாயிரம், கட்ட வேண்டிய கடைசி நாள் ஜூலை முதல் வாரம். அம்மா வழக்கம் போல பீரோவைத் திறந்து செயினை எடுத்தார். அப்புச்சி தடுத்துவிட்டார்.

"செயின அடகு வெக்காத அம்மிணி. டப்பாவத் தொறக்கற நேரம் வந்துருச்சு."

யாரோ அனுப்பிய வீடியோவில் இதே மாதிரி இரண்டு பக்கமும் சிங்கம் போட்ட நாணயத்துக்கு ஐந்து லட்சம் என்று சொல்லியிருக்கிறார்கள். கீழே ஒரு ஃபோன் நம்பர். அப்புச்சி கூப்பிட்டுப் பேசியும் விட்டார். எதிர்முனை ரொம்ப மரியாதை. ஃபோட்டோ அனுப்பியதும் 'உங்கள் நாணயம் தேர்வாகிவிட்டது' என்று பதில். பதிவுக் கட்டணமும் வரியும் சேர்த்து 2,150 ரூபாய் அனுப்பினால் போதும், ஆள் வீட்டுக்கே வந்து ஐந்து லட்சத்தைக் கொடுத்துவிட்டு நாணயத்தை வாங்கிக்கொள்வாராம். அந்த 2,150ஐ என் ஃபோனிலிருந்து அனுப்பச் சொன்னார்.

இந்தத் திருட்டு ரொம்ப நாளாக நடக்கிறது. 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே அறிக்கை விட்டது: பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கும் வேலையை நாங்கள் செய்வதில்லை, அதற்குக் கட்டணமோ கமிஷனோ கேட்பதும் இல்லை, எங்கள் பெயரில் யாருக்கும் அனுமதி தரவும் இல்லை என்று. அதை அப்புச்சிக்குப் படித்துக் காட்டினேன். அவர் கேட்ட கேள்வி நியாயமானது.

"சரி கண்ணு, அவன் திருடன். அப்ப நெசமான வெல எத்தன?"

எனக்குத் தெரியவில்லை. நான் பி.காம். அதனால் எதற்கும் விலை போடத் தெரியும் என்பது எங்கள் வீட்டின் மூடநம்பிக்கை. (நம் வகுப்பு மக்களுக்கு: கைச்சரக்கை அடக்க விலை அல்லது சந்தை விலை, எது குறைவோ அதில் காட்ட வேண்டும் என்று படித்தோமே. அதன்படி இதன் மதிப்பு ஒரு ரூபாய். கணக்கு முடிந்தது, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.)

பத்து நாள் கேட்டேன். அம்மா செயினைத் திரும்ப பீரோவில் வைக்கவில்லை, கழுத்திலும் போடவில்லை. சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

முதல் கேள்வி, இது நிஜமாகவே நாணயச்சாலையில் நடந்த பிழையா என்பது. இதைக் கேட்கத்தான் எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் போலி பிராக்கேஜ் செய்வதற்கு வேண்டிய ஒரே கருவி வைஸ். இரண்டு நாணயத்தை ஒன்றின் மேல் ஒன்று வைத்து வைஸில் இறுக்கினால் ஒன்றின் உருவம் இன்னொன்றில் பள்ளமாகப் பதியும். இந்த நாணயமோ பெஞ்சுக்கு பெஞ்ச் வைஸ் இருக்கிற ஒரு பட்டறையில் கிடைத்தது. கூட வேலை பார்த்தவர்கள் யாராவது விளையாடியிருந்தால்? காசு வரும் என்றால் கள்ளம் பின்னாலேயே வரும். அமெரிக்காவில் 1943இல் போர்க்காலத் தாமிரத் தட்டுப்பாட்டால் ஒரு சென்ட்டை எஃகில் அடித்தார்கள். தப்பித் தவறி வெண்கலத்தில் விழுந்த ஒரு சில காசுகள் பிற்பாடு லட்சக்கணக்கான டாலருக்குப் போயின. உடனே எஃகு சென்ட்டுக்குத் தாமிர முலாம் பூசி விற்கிற கூட்டம் கிளம்பியது. அதைப் பிடிக்க ஒரு காந்தம் போதும். நம்முடையது எப்படியும் காந்தத்தில் ஒட்டும் ரகம், அதனால் அந்த வழியில் எனக்கு உதவி இல்லை.

தயங்கித் தயங்கிக் கேட்டேன். அப்புச்சி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்து போய்ச் செல்லாத பழைய 25 பைசா இரண்டு கொண்டுவந்தார். (25 பைசாவும் அதற்குக் கீழானவையும் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போயின. காண்டாமிருகம் போட்ட எவர்சில்வர் காசு.) பக்கத்துத் தெருவில் தெரிந்த பட்டறைக்கு என்னையும் கூட்டிப் போய், இரண்டையும் சேர்த்து வைஸில் வைத்து, கைப்பிடியில் ஒரு குழாயைச் செருகி இறுக்கினார். எழுபத்தாறு வயசு. பக்கத்தில் நின்ற பையன் ஓடிவந்தும் விடவில்லை.

எடுத்துப் பார்த்தோம். லேசாக ஒரு பள்ளம் பதிந்திருந்தது. ஆனால் அதற்கு அடியில் காண்டாமிருகமும் அப்படியே இருந்தது, முதுகு மட்டும் கொஞ்சம் தட்டையாகி.

"எஃகுல எஃக அமுக்குனா ரெண்டும்தான் நசுங்கும். முன்னாடி இருந்த படம் எங்கயும் போவாது கண்ணு. இப்ப நம்மளுத எடு."

கடிகாரக் கடையில் இரவல் வாங்கிய லென்ஸில் நம்முடையதைப் பார்த்தேன். கதிரின் ஒரு இலை, '1'இன் ஒரு நுனி, எதுவும் இல்லை. ஓரம் நசுங்கவில்லை. நல்ல பக்கத்துச் சிங்கம் தட்டையாகவில்லை. வெர்னியரில் 25க்கு மேல் ஒரு முடி. எடை பார்க்க அடகுக் கடைக்குப் போனேன், அந்தத் துல்லியமான தராசு எங்கள் தெருவில் அங்கேதான் இருக்கிறது. 4.84 கிராம். கடைக்காரர், "அம்மா செயினக் கொண்டு வரேன்னாங்களே, இன்னும் காணோம்?" என்று விசாரித்தார்.

ஆக, அசல். பட்டறை ஆட்கள் மேல் நான் பட்ட சந்தேகத்துக்கு மன்னிப்பு.

அடுத்தது தரம். பிராக்கேஜிலும் ரகம் உண்டு. ஒட்டிக்கொண்ட நாணயம் புதிதாக இருக்கும்போது விழுந்த முதல் அடியில் பள்ளமான உருவம் கத்தி மாதிரி இருக்கும். அந்த நாணயமே அடி வாங்கி வாங்கி விரிந்து போக, பின்னால் வருபவை மங்கிக்கொண்டே போகும். நம்முடையதில் நடுவில் சிங்கம் தெளிவு, ஓரத்து எழுத்துக்கள் விரிந்து பரவியிருந்தன. முதல் அடி அல்ல, மூன்றாவதோ நான்காவதோ இருக்கலாம். அப்புறம், வருடம் இல்லாததால் எந்த நாணயச்சாலை என்றும் சொல்ல முடியாது. மும்பைக்கு வைரக் குறி, ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி என்று வருடத்துக்குக் கீழேதான் அடையாளம் இருக்கும், கொல்கத்தாவுக்கு அதுவும் கிடையாது. 1990களின் பிற்பகுதியில் நம் ஒரு ரூபாயை ஸ்லோவாகியாவின் கிரெம்னிகா வரைக்கும் கொடுத்து அடித்து வாங்கினார்கள். அப்புச்சியின் சிங்கம் எந்த ஊரில் பிறந்தது என்று சிங்கத்துக்கே வெளிச்சம்.

இனி விலை. இணையத்தில் தேடினால் இதே ரகம் ஆயிரத்து ஐநூறுக்கும் இருக்கிறது, இரண்டரை லட்சத்துக்கும் இருக்கிறது. ஒரு முழு ராத்திரி இந்த எண்களை எழுதிக் கூட்டிச் சராசரி எல்லாம் போட்டேன் (சிரிக்காதீர்கள்). விடியற்காலை இரண்டு மணிக்குத்தான் மரமண்டைக்கு உறைத்தது: இரண்டரை லட்சம் என்பது விலையே இல்லை. ஒருவர் அந்த எண்ணை எழுதி வைத்திருக்கிறார், அவ்வளவுதான். அந்த நாணயம் இன்னும் அவரிடமேதான் இருக்கிறது. என் பேனாவுக்குப் பத்துக் கோடி என்று நானும் எழுதி வைக்கலாம். பார்க்க வேண்டியது, பணம் கைமாறிய எண்களை. அதனால் பழைய ஏலங்களில் முடிந்த விலைகளை மட்டும் பொறுக்க ஆரம்பித்தேன். பெரும்பாலும் ஆயிரத்துக்கும் மூவாயிரத்துக்கும் நடுவில் நின்றன. அதிலும் ஏலக்காரர் கமிஷன் போய்த்தான் விற்றவர் கைக்கு வரும். அமெரிக்காவில் நாணயத்தைச் சோதித்து, தரம் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஆனால் போகவர ஆகிற செலவு, நாணயத்தை விழுங்கிவிடும்.

அரிது என்றால் விலை அதிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் இல்லை. 2008இல் பிரிட்டனில் நாணயங்களின் வடிவத்தை மாற்றியபோது, 20 பென்ஸின் பின்பக்கத்தில் இருந்த வருடத்தை ராணியின் தலை இருக்கும் பக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். பழைய தலைப் பக்க அச்சும் புதிய பின்பக்க அச்சும் தவறுதலாக ஜோடி சேர்ந்துவிட, இரண்டு பக்கமும் வருடமே இல்லாத காசு வெளியே வந்துவிட்டது. 2009இல் ஊரே சில்லறையைக் கொட்டித் தேடியது. ஆயிரக்கணக்கான பவுண்டு கேட்டு விற்பனைக்கு வைத்தவர்கள் உண்டு. ஒரு தனியார் நாணய நிறுவனம் ஒன்றுக்கு 50 பவுண்டு தருகிறேன் என்றது. வெளியே போனது இரண்டரை லட்சம் வரை இருக்கலாம் என்று கணக்கு. யோசித்துப் பாருங்கள், லட்சக்கணக்கில் இருக்கிற ஒரு காசு 50 பவுண்டு. அதைவிடப் பல மடங்கு அரிதான அப்புச்சியின் காசுக்கு அதில் பாதிகூட இல்லை. அங்கே 'வருடம் இல்லாத காசு' என்று ஒரே வரியில் சொன்னால் குழந்தைக்கும் புரிகிறது, தனக்கும் ஒன்று வேண்டும் என்று ஊரில் பாதிப் பேருக்குத் தோன்றுகிறது. பிராக்கேஜை நான் உங்களுக்கு விளக்க எத்தனை வரி ஆயிற்று?

கடைசியாக, ஊரில் நடந்த ஒரு நாணயக் கண்காட்சிக்கு இரண்டு பேரும் பஸ் ஏறினோம். அப்புச்சி வெள்ளை வேட்டி, தீப்பெட்டி மடியில். ஒரு மூலையில் வயசான வியாபாரி ஒருவர். நாணயத்தைக் கையில் வாங்கியதும் முகம் மலர்ந்தது.

"அட, லக்கியா!"

அப்புச்சிக்கு ஒரே சந்தோஷம். "அதுதானுங்க, அன்னைக்கே சொன்னாங்க, அதிர்ஷ்டம்னு."

"இல்லீங்க, லக்கின்னா அதிர்ஷ்டம் இல்லீங்க. இந்த ரகத்துக்கு வடக்கத்திய வியாபாரிக வெச்ச பேருங்க" என்றார் அவர். அப்புச்சி "ஓ" என்றார்.

அவர் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். "அசலுதானுங்க. ஆனா தேச்சிருக்கீங்களே?"

ஆமாம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வெர்னியரோடு இந்த நாணயத்தையும் எடுத்து, விபூதி போட்டுப் பளபளவென்று தேய்த்து, சந்தனப் பொட்டு வைப்பது வழக்கம். 1999இலிருந்து 25 ஆயுத பூஜை. நான் லென்ஸில் பார்த்தபோதே சிங்கத்தின் மேல் மெல்லிய கோடுகள் வட்ட வட்டமாகத் தெரிந்தன. என்னவென்று எனக்குத் தெரியும், எழுதிக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

"தேய்க்காம இருந்தா ரெண்டாயிரம் வரைக்கும் நானே குடுப்பனுங்க. இப்ப ஆயிரத்து இருநூறு."

சொல்லிவிட்டு, நாங்கள் ஏமாற்றுவதாக நினைத்துவிடக் கூடாதே என்று, மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துத் திறந்தார். அதில் வரிசையாக நான்கு. நான்கிலும் பள்ளமான சிங்கம். ஒன்று நம்முடையதைவிடத் தெளிவு.

அப்புச்சி அந்த நான்கையும் பார்த்துக்கொண்டே நின்றார். இந்தப் பத்து நாளில் நான் சேர்த்த ஏல விலை, எடை, இருபது பென்ஸ் கதை எதுவும் செய்யாததை அந்தப் பெட்டி ஒரு நொடியில் செய்துவிட்டது. இருபத்தைந்து வருஷமாக உலகத்திலேயே ஒன்று என்று அவர் நினைத்திருந்தார்.

"யோசிச்சுச் சொல்றனுங்க" என்று நாணயத்தை வாங்கிக்கொண்டார். வியாபாரி அதை ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

பஸ்ஸில் ரொம்ப நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். சிங்காநல்லூர் தாண்டியதும் திரும்பினார்.

"ஒரு ரூபா ஆயிரத்து இருநூறு ஆயிருக்குது. எந்த பேங்க்குல கண்ணு அப்புடித் தர்றான்?"

"எங்கயும் இல்லீங்க அப்புச்சி."

"ம்." கொஞ்ச நேரம் கழித்து, "உங்கம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன். பாப்பாகிட்ட நீ ஒண்ணும் பேசாத."

மறுநாள் காலை அம்மாவோடு அடகுக் கடைக்குப் போனது அப்புச்சிதான். பாப்பா இப்போது இரண்டாம் வருஷம்.

அந்த அக்டோபரில் ஆயுத பூஜைக்கு டப்பாவைத் திறந்தார். வெர்னியரைத் துடைத்துப் பொட்டு வைத்தார். நாணயத்தை பிளாஸ்டிக் கவரோடு கையில் எடுத்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"சந்தனத்தக் கவருக்கு மேல வெச்சா ஒண்ணும் ஆவாதில்ல?"

பி.கு: படித்துவிட்டு யாரும் விலை கேட்டு வராதீர்கள். விற்பனைக்கு இல்லை.